தகவலும் பொருளும் எண்ணும்: வடிவியல் மாறிலிகளின் மீது எழுப்பப்படும் மெய்ம்மைக் கோட்பாடுகள் – ஒரு சொல்லாய்வு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

உலகின் அடிப்படை பருப்பொருளன்று, தகவலே என்றும், இயற்கையின் அளவுகளை வடிவியல் மாறிலிகளிலிருந்து சிந்தனையாலேயே வருவித்துவிடலாம் என்றும் கூறும் கோட்பாடுகள் கடந்த நூறாண்டில் பல தோன்றியுள்ளன. அவற்றுள் எடிங்டன், வைலர், வீலர் ஆகியோரின் முயற்சிகளை எடுத்துக்கொண்டு, எண் பொருத்தம் எப்போது சான்றாகும் என்பதையும், 'தகவல்', 'பொருள்' என்னும் தமிழ்ச் சொற்களால் பெயர்க்கும்போது இக்கோட்பாடுகளின் வாதம் எங்கே திரிகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தகவல், பொருள், நுண்கட்டமைப்பு மாறிலி, எடிங்டன், வீலர், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

அறிவியல் தமிழ் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொற்களின் இலக்கண அமைதியையும், ஒலிபெயர்ப்பா மொழிபெயர்ப்பா என்னும் வினாவையும் சுற்றியே அமைகின்றன. ஒரு சொல் தமிழுக்கு வந்து சேர்ந்தபின், அது தாங்கிவந்த வாதத்துக்கு என்ன நேர்கிறது என்பது அத்துணைக் கவனம் பெறவில்லை. இவ்வினாவை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமான களம் 'மெய்ம்மை என்பது தகவலே' என்னும் கோட்பாட்டுக் குடும்பமாகும். இக்குடும்பம் இரண்டு ஊன்றுகோல்களைக் கொண்டு நிற்கிறது. ஒன்று எண், மற்றொன்று சொல். எண்ணின் வழுவல் எம்மொழியிலும் ஒன்றே. சொல்லின் வழுவலோ தமிழில் தனித்தன்மை உடையது. எனவே முதலில் எண்ணிலிருந்து தொடங்குவோம்.

137 என்னும் எண்

1916-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்டு சோமர்பெல்டு, ஐதரசன் நிறமாலைக் கோடுகளின் நுண்பிளவை விளக்குவதற்காக ஒரு மாறிலியை அறிமுகப்படுத்தினார். எலக்ட்ரானின் மின்னூட்டம், ஒளியின் வேகம், பிளாங்க் மாறிலி ஆகியவற்றின் சேர்க்கையாகிய இது நுண்கட்டமைப்பு மாறிலி எனப்படும். இதன் சிறப்பு, இதற்கு அலகு இல்லை என்பதாகும். நீளத்தை முழத்தால் அளந்தாலும் மீட்டரால் அளந்தாலும் இதன் மதிப்பு மாறாது, ஏறத்தாழ 137.036-இல் ஒரு பங்கு. அலகற்ற எண் எனின் அது மனிதர் வகுத்த அளவையைச் சார்ந்ததன்று. இயற்கையே எழுதிவைத்தது எனத் தோன்றும். இந்த ஈர்ப்பே பின்வந்த முயற்சிகள் அனைத்துக்கும் வித்து.

ஆர்தர் எடிங்டன் எளிய மனிதரல்லர். 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது பிரின்சிப்பி தீவுக்குச் சென்று, ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலுக்குச் சான்று கொணர்ந்த வானியலாளர் அவர். 1929-இல் அவர் இம்மாறிலியின் தலைகீழ் மதிப்பு சரியாக 136 என்று வருவித்தார். அதற்கு அவர் காட்டிய வழி, 16 நிரையும் 16 நிரலும் கொண்ட சமச்சீர் அணியில் தற்சார்புடைய உறுப்புகளின் எண்ணிக்கையாகும். 16-ஐ 17-ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க 136 கிடைக்கும். ஆனால் ஆய்வக அளவீடுகள் 137-ஐ நெருங்கி நின்றன. எடிங்டன் தம் கோட்பாட்டை மீளாய்வு செய்து, கூடுதலாக ஒன்று சேர்க்கப்பட வேண்டியதற்குக் காரணம் கண்டார். 'பஞ்ச்' நகைச்சுவை இதழ் அவரது பெயரையே 'ஒன்றைக் கூட்டுபவர்' என்னும் பொருள்பட உருமாற்றிக் கேலி செய்தது. பின்னர் அவர் அண்டத்திலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையையும் 136-ஐ 2-இன் 256-ஆம் அடுக்கால் பெருக்கிய தொகை எனத் துல்லியமாக வரையறுத்தார். 1944-இல் அவர் மறைந்தபின், முற்றுப்பெறாத கையெழுத்துப்படி எட்மண்டு விட்டேக்கரால் பதிப்பிக்கப்பெற்று 1946-இல் 'அடிப்படைக் கோட்பாடு' என்னும் நூலாக வெளிவந்தது.

அவர் காலத்திலேயே இதற்கு ஒரு மறுப்பு எழுந்தது. அது அங்கத வடிவில் அமைந்தது. 1931-இல் பெக், பெத்தே, ரீட்ஸ்லர் என்னும் இளம் இயற்பியலாளர் மூவர், ஒரு ஜெர்மன் அறிவியல் இதழில் சிறு குறிப்பொன்றை வெளியிட்டனர். நுண்கட்டமைப்பு மாறிலியின் தலைகீழை இருமடங்காக்கி ஒன்றைக் கழித்தால் 273. ஆகவே தனிச்சுழி வெப்பநிலை −273 பாகை என்பதே அக்குறிப்பின் முடிபு. செல்சியசு அளவை தண்ணீர் உறையும் நிலையையும் கொதிக்கும் நிலையையும் கொண்டு மனிதர் வகுத்தது. அதனை ஓர் அலகற்ற எண்ணிலிருந்து வருவிப்பது இயலாத செயல். ஆயினும் அக்குறிப்பு மெய்யெனவே அச்சேறியது. பின்னர் அது விளையாட்டாக எழுதப்பட்டது என இதழ் அறிவிக்க நேர்ந்தது. பொருந்தும் எண் கிடைத்துவிட்டால் வருவித்த வழியை எவரும் கூர்ந்து நோக்குவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

எடிங்டனின் இறுமாப்பு பிறரையும் பாதித்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று கேம்பிரிட்ஜ் சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதைச் சார்பியலையும் குவாண்டம் இயக்கவியலையும் இணைத்துக் காட்டினார். 1935 சனவரியில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அதனை வெளிப்படையாக எள்ளினார். அவ்விணைப்பின் முறையே தவறு என வாதிட்டார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்னும் அவ்வரம்பு இன்று சந்திரசேகர் எல்லை என்றே வழங்குகிறது. 1983-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இங்கே நோக்கத்தக்கது, 1.4 என்பதும் ஓர் எண்ணே என்பதாகும். ஆனால் அது வேறிடத்தில் நிறுவப்பட்ட விதிகளிலிருந்து, விடை என்னவென்று அறியாமலே, கணக்கிட்டு அடையப்பட்ட எண்.

வாய்பாடு கிடைப்பதன் எளிமை

1969-இல் சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் ஆர்மன்ட் வைலர், உயர்பரிமாணச் சமச்சீர்வெளிகளின் பருமன்களைக் கொண்டு, சிறு முழு எண்களும் 'பை'யும் மட்டுமே இடம்பெறும் ஒரு வாய்பாட்டை வெளியிட்டார். (வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமே 'பை' என்பது நினைவூட்டலுக்காக.) அதன் விடை 137.03608. அன்றைய அளவீட்டின் பிழை எல்லைக்குள் அது கச்சிதமாகப் பொருந்தியது. எடிங்டனின் முழு எண்ணோடு ஒப்பிட இது வியக்கத்தக்க முன்னேற்றமே. எனினும் அளவீடு நின்ற இடத்தில் நிற்பதன்று. இன்றைய மதிப்பு 137.035999 எனத் தொடங்குகிறது. அதன் பிழை எல்லை ஏறத்தாழ 0.00000002. வைலரின் விடை அவ்வெல்லையைப்போல் ஏறத்தாழ நாலாயிரம் மடங்கு தள்ளி நிற்கிறது.

அவ்வாறாயின் அன்று எங்ஙனம் அத்துணை நெருங்கிற்று? இதற்கு விடை காண ஒரு சிறு கணக்கே போதும். 'பை'யின் முப்படியை நான்கால் பெருக்கி, அதனோடு 'பை'யின் இருபடியையும் 'பை'யையும் கூட்டினால் 137.0363 கிடைக்கிறது. அளவீட்டிலிருந்து 0.0003 மட்டுமே விலகல். வாய்பாட்டின் அழகு மயக்கவல்லது: முப்படி, இருபடி, ஒருபடி என இறங்குவரிசை! ஆனால் இவ்வகை வாய்பாடுகள் எத்தனை உள? மூன்று இடங்களிலும் 0 முதல் 9 வரை எந்த எண்ணையும் வைக்கலாம் எனில், ஆயிரம் வாய்பாடுகள். அவற்றின் விடைகள் 0 முதல் 396 வரை பரவிக் கிடக்கும். சராசரியாக ஓரலகு இடைவெளியில் இரண்டரை விடைகள் விழும். குறிப்பிட்ட ஓர் எண்ணுக்கு இருபுறமும் 0.0003 தொலைவுக்குள் ஒரு விடை விழ, இத்தகைய வாய்பாட்டுக் குடும்பங்கள் ஏறத்தாழ 650 தேடினால் போதும். 'பை'க்குப் பதிலாகப் பொன்விகிதம், இரண்டின் வர்க்கமூலம், இயல்மடக்கையின் அடி எனப் பலவற்றை வைக்கலாம், கூட்டலைப் பெருக்கலாக்கலாம், அடுக்குகளைப் பின்னமாக்கலாம். 650 குடும்பங்கள் ஒரு மாலைப்பொழுதில் தீர்ந்துவிடும். கிடைத்த ஒன்றைக் காண்பவர், தேடித் தோற்ற நூறாயிரத்தைக் காண்பதில்லை.

இதைவிட ஆழமான இடர் ஒன்றும் உண்டு. நுண்கட்டமைப்பு மாறிலி எல்லா நிலையிலும் 137.036-இல் ஒரு பங்காக நிற்பதில்லை. துகள்கள் மோதும் ஆற்றல் உயர உயர அதன் மதிப்பும் உயர்கிறது. இசட் போசானின் நிறைக்கு ஒத்த ஆற்றலில் அது ஏறத்தாழ 128-இல் ஒரு பங்கு. வடிவியலிலிருந்து மட்டுமே வரும் எண் இவ்விரண்டுள் எதனோடு பொருந்த வேண்டும்? தாழ் ஆற்றல் மதிப்பையே கோட்பாட்டாளர் தேர்ந்தது, அதுவே முதலில் அளக்கப்பட்டது என்னும் வரலாற்றுக் காரணத்தால் அன்றி வேறில்லை.

இம்மனப்போக்கு புதிதன்று. 1596-இல் கெப்ளர், கோள்கள் ஆறே ஏன் என்னும் வினாவுக்கு, ஒழுங்குத் திண்மங்கள் ஐந்தே உள்ளன என்பதை விடையாகக் கூறினார். ஆறு கோளங்களின் ஐந்து இடைவெளிகளிலும் ஐந்து திண்மங்கள். 1781-இல் எர்செல் யுரேனசைக் கண்டறிந்தபோது அவ்வினாவே பொருளிழந்தது. ஆனால் அதே கெப்ளர்தான், டைக்கோ பிராகியின் செவ்வாய்க் குறிப்புகளோடு தம் கணக்கு 8 வில்நிமிடம் வேறுபட்டது கண்டு, ஈராயிரம் ஆண்டு வட்டப்பாதையைத் துறந்து 1609-இல் நீள்வட்டத்தை நிறுவினார். 8 வில்நிமிடம் என்பது முழுநிலவின் விட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. திண்மங்களை அவர் இறுதிவரை கைவிடவுமில்லை. அந்நூலை 1621-இல் குறிப்புகளோடு மறுபதிப்பும் செய்தார். ஒரே அறிஞரிடம் இரு போக்கும் குடிகொண்டிருந்தன என்பது எடிங்டனை எளிதில் எள்ளிவிடாதிருக்க நமக்கு உதவும்.

தகவல்: அளவா, செய்தியா?

இனிச் சொல்லுக்கு வருவோம். 1948-இல் கிளாடு ஷானன் தகவலை அளக்க ஒரு வழி வகுத்தார். ஒரு செய்தி எத்தனை வாய்ப்புகளுள் ஒன்றாக வந்தது என்பதே அவ்வளவு. வாய்ப்புகள் சமமெனின், அவற்றின் எண்ணிக்கைக்கு 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கை. அதன் அலகு பிட். செய்தியின் பொருள் என்ன என்பது இப்பொறியியல் சிக்கலுக்குத் தேவையற்றது என அவர் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டார்.

தமிழ் எழுத்துகளைக் கொண்டே இதனை விளக்கலாம். 247 எழுத்துகளும் சம வாய்ப்புடன் வரும் என்று கொண்டால், ஓர் எழுத்தின் தகவல் அளவு 7.95 பிட். ஆனால் சொல்லின் முதலில் எல்லா எழுத்தும் வாரா. தொல்காப்பிய மொழிமரபின்படி உயிர் 12, க த ந ப ம வரிசைகளில் 60, சகரம் 9, வகரம் 8, ஞகரம் 3, யகரம் 1 ஆக 93 எழுத்துகளே மொழிமுதலாகும். (முறைப்பெயரிடத்து வரும் குற்றியலுகரத்தையும் சகர நூற்பாவின் பாடவேறுபாட்டையும் இங்குக் கணக்கில் கொள்ளவில்லை, கொண்டாலும் விடை பெரிதும் மாறாது.) 93-க்கு 6.54 பிட். ஆகவே மொழிமுதல் மரபு ஒன்றே சொல்லின் முதலெழுத்தில் 1.4 பிட் அளவைக் குறைத்துவிடுகிறது. இலக்கணம் மிகுந்தோறும் ஷானன் கூறும் தகவல் குறையும். எதுகை, மோனை, தளை ஆகியவை இன்னும் குறைக்கும். எழுத்துகளைக் குலுக்கிக் கொட்டிய பொருளற்ற குவியல், அதே நீளமுள்ள ஒரு குறட்பாவைவிட மிகுதியான தகவல் அளவு உடையதாக இருக்கும்.

இம்முடிபு தமிழ்ச் செவிக்கு முரணாகத் தோன்றுவதற்குக் காரணம் 'தகவல்' என்னும் சொல்லே. தகவல் 'வரும்', 'கிடைக்கும்', 'சொல்லப்படும்'; எதைப் பற்றியது, யாருக்கு உரியது என்பதை அது விட்டுப் பிரிவதில்லை. தகவல் அறியும் உரிமை என்று சட்டம் கூறும்போதும் அறியப்படுவது ஒரு செய்தியே, வாய்ப்பு எண்ணிக்கை அன்று. தொல்காப்பியப் பெயரியல் சொல்லினால் பொருண்மை தெரிதலையும் சொன்மை தெரிதலையும் பிரித்துக் காட்டும். ஷானனின் அளவு சொன்மையின் பக்கமே நின்றுவிடுவது, பொருண்மையைத் தொடுவதில்லை. இப்பாகுபாடு ஷானனை முன்கூட்டியே அறிந்தது என்று இதற்குப் பொருளன்று. நம்மிடம் உள்ள ஒரு கருவி, பிறிதொரு துறையின் குழப்பத்தைப் பிரித்தறிய உதவுகிறது என்பதே.

'பொருள்' என்னும் இடர்

1989-இல் டோக்கியோ கருத்தரங்கு ஒன்றில் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் வீலர் தம் புகழ்பெற்ற முழக்கத்தை முன்வைத்தார். துகள், புலம், ஏன் இடமும் காலமும்கூட, ஆம்–இல்லை வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளிலிருந்தே தம் இருப்பைப் பெறுகின்றன என்பது அதன் சாரம். மூலத்தில் அஃறிணைச் சுட்டுப்பெயர் ஒன்றும் 'பிட்' என்னும் அலகும் ஓசையால் இணைந்து நிற்கும். இதனைத் தமிழில் 'தகவலிலிருந்து பொருள்' எனப் பெயர்ப்பது இயல்பாகத் தோன்றும். அங்கேதான் வழுவல் நிகழ்கிறது.

தமிழில் 'பொருள்' என்பது உள்ள பண்டத்தையும் குறிக்கும். சொல்லின் அர்த்தத்தையும் குறிக்கும். செல்வம், பொருளதிகாரத்தின் பாடுபொருள், சைவ சித்தாந்தத்தின் முப்பொருள் என அதன் பரப்பு பெரிது. 'தகவலிலிருந்து பொருள்' என்னும் தொடரைப் படிக்கும் தமிழர், செய்தியிலிருந்து அர்த்தம் பிறக்கிறது என எளிதில் உணர்ந்து தலையசைப்பார். அவ்வாறு உணர்ந்தால் அது எவரும் மறுக்காத பொதுக்கூற்று. வீலர் சொன்னதோ கல்லும் ஒளியும் காலமும் விடைகளால் ஆனவை என்னும், எளிதில் ஏற்கவியலாத கூற்று. முதற்பொருளில் ஏற்கப்பட்ட ஒப்புதல், இரண்டாம் பொருளுக்குச் சான்றாகக் கைமாறிவிடுகிறது. தருக்க நூலார் சொற்புரட்டு என்று சொல்லும் இதனை இங்கே யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, மொழியே செய்துவிடுகிறது. அண்டம் 'தகவல்' என்றால் அதனை அனுப்பியவர் யார் என்னும் வினாவும் இதே வழியில்தான் நுழைகிறது. வீலர் வினவுவோரின் பங்கை வலியுறுத்தியவர்தாம். ஆயினும் அனுப்பியவர் எவரும் அவர் வாதத்தில் இல்லை.

சான்று நிற்கும் இடம்

இவ்வளவு கூறியதால் தகவலுக்கும் இயற்பியலுக்கும் உள்ள உறவு வெறும் சொல்மயக்கம் என்று கொள்ளலாகாது. 1961-இல் ரோல்ப் லாண்டவர், ஒரு பிட்டை அழிப்பதற்குக் குறைந்த அளவு வெப்பம் வெளியாகியே தீரும் என்று காட்டினார். அறை வெப்பநிலையில் அது ஒரு ஜூலில் கோடி கோடி கோடியில் மூன்று பங்கு அளவே. 2012-இல் ஆய்வகத்தில் அது மெய்ப்பிக்கப்பட்டது. 'பிட்' இங்கே பண்ட உலகில் விலை உடையது.

வடிவியலும் தகவலும் மெய்யாகவே சந்திக்கும் இடம் கருந்துளை. 1970-களின் தொடக்கத்தில் ஜேக்கப் பெக்கன்ஸ்டைன், கருந்துளையின் என்ட்ரோபி அதன் பருமனுக்கன்று, மேற்பரப்பின் பரப்பளவுக்கு நேர்விகிதத்தில் அமையும் என வாதிட்டார். விகித எண் யாது என அவரால் உறுதியாகக் கூற இயலவில்லை. 1974-இல் ஸ்டீபன் ஹாக்கிங், கருந்துளை வெப்பக் கதிர்வீச்சை வெளியிடும் எனக் கணக்கிட்டபோது அவ்வெண் உறுதியாயிற்று: பிளாங்க் நீளத்தின் வர்க்கத்தை அலகாகக் கொண்டால், பரப்பில் நான்கில் ஒரு பங்கு. 1996-இல் ஸ்ட்ரோமிஞ்சரும் வாஃபாவும் முற்றிலும் வேறான வழியில், இழைக் கோட்பாட்டின்படி குறிப்பிட்ட சில கருந்துளைகளின் நுண்ணிலைகளை எண்ணிப் பார்த்தபோதும் அதே நான்கில் ஒரு பங்கு கிடைத்தது. 136-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இங்கே ஒன்றைக் கூட்டுவதற்கு இடமில்லை. இரு வழிகளுள் ஒன்று பிறழ்ந்திருந்தால் கணக்கு முறிந்திருக்கும். ஆயினும் இதற்கும் நேரடிச் சான்று இல்லை: சூரிய நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை 0.00000006 கெல்வின், அண்டப் பின்புலக் கதிர்வீச்சோ 2.7 கெல்வின். அக்குளிர்ச்சியை இவ்வெப்பத்தினூடே காணல் அரிது.

சான்றுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த கோட்பாடு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். வெளியில் அடங்கும் தகவல் வரம்புடையது எனின், இடமே மிக நுண்ணிய அதிர்வு உடையதாக இருக்கும் எனக் கிரெய்க் ஓகன் கருதினார். அதனைக் காண, சிகாகோ அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வகத்தில் 40 மீட்டர் கைகளையுடைய இரு குறுக்கீட்டுமானிகள் நிறுவப்பட்டன. எதிர்பார்த்த அதிர்வு இல்லை என 2015-இல் முடிவு வெளிவந்தது. அக்கோட்பாட்டின் அவ்வடிவம் அத்துடன் வீழ்ந்தது. வீழ்வதற்கு இடம் வைத்திருந்தமையால் அது வைலரின் வாய்பாட்டைவிட மேலானது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

பெயர்ப்புக்கான பரிந்துரை

ஷானன் வழிப்பட்ட பயன்பாட்டில் 'தகவல்' எனத் தனித்து எழுதாமல் 'தகவலளவு' என எழுதுவது முதல் தேவை. 'தகவலளவு மிகுந்தது' என்றால் அர்த்தம் மிகுந்தது என எவரும் கொள்ளார். வீலரின் தொடரில் வரும் சுட்டுப்பெயருக்குப் 'பொருள்' ஆகாது. 'பருப்பொருள்' என்றால் ஒளியும் இடமும் காலமும் விடுபடும். 'உள்பொருள்' சமயச்சார்பு பெற்று நிற்பதோடு 'பொருள்' என்பதையும் உள்ளடக்கியுள்ளது. 'உள்ளது' என்னும் குறிப்பு வினையாலணையும் பெயர் இம்மூன்று இடரும் அற்றது: 'பிட்டிலிருந்தே உள்ளது' அல்லது பன்மையில் 'பிட்டிலிருந்தே உள்ளவை'. ஓசை நயம் குன்றும்; வாதம் குன்றாது.

எண்ணைப் பொறுத்தவரை நம் துறைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பழம்பாடல் ஒன்றில் வரும் எண்ணையோ உருவகத்தையோ எடுத்து, இன்றைய அறிவியல் மதிப்பொன்றோடு பொருத்திக் காட்டும் ஆய்வு எடிங்டன் நின்ற அதே நிலையில்தான் நிற்கிறது. அவ்வாய்வாளர் எத்தனை பாடல்களில் தேடினார், எத்தனை மதிப்புகளோடு ஒப்பிட்டார், பொருந்தாதவை எத்தனை என்பவற்றைக் கட்டுரையிலேயே தருமாறு ஆய்வுநெறியாளரும் மதிப்பீட்டாளரும் கேட்கலாம். 650 குடும்பங்களுள் ஒன்று பொருந்தியதா, ஒரே ஒரு முறை நோக்கியபோது பொருந்தியதா என்பது அப்போது தெரிந்துவிடும்.